வலப்பக்கத்து வீடு

2018 ஜூன் 11

கோவையில் செழியனுக்குப் பிசியோதெரபி பார்க்கிற ரெஜினா மேடம், அவனைப் பற்றி எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கே விழுந்தான், படியேறினானா, கால் வலிக்கிறது என்றானா, இதெல்லாம். டைரி எழுதுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. புது வருடத்துக்குக் கம்பெனியில் கொடுத்தது உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

செழியனுக்கு எட்டு வயது. தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கை வைத்து, பிறகு தொடையில் கை வைத்து, தன் மேலேயே ஏறி எழுந்திருப்பான். விளையாட்டு என்று நினைத்து நாங்கள் சிரித்திருக்கிறோம். சத்து டானிக் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். போன மாதம் பரிசோதனை முடிவு வந்தது. தசைச் சிதைவு, டூஷேன் என்று பெயர். மருந்து கொடுத்துத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். எதைத் தள்ளிப்போடலாம் என்று நான் கேட்கவில்லை. வாணியும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். தேடுவது என் தொழில். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஜெர்மனியில் ஒருத்தன் குழந்தைகள் உள்ளாடை என்று தேடினால் எங்கள் கம்பெனி முதல் பக்கத்தில் வரும். வரவைத்தவன் நான். அப்படிப்பட்டவன் தன் மகனுக்கு வந்த வியாதியைத் தேடினால், ஒரே ஆஸ்பத்திரியின் விளம்பரம் பத்து வேஷத்தில் வந்து நிற்கிறது. ஊசியில் ஸ்டெம் செல் ஏற்றிக் குணமாக்குவார்களாம். புத்தி கெட்டுப்போய் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து ஒரு பெண் ‘தம்பி எப்படி இருக்கான் சார்?’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ரெஜினா மேடத்திடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். “தேடாதீங்க சார். தேடுனா விக்கறவன்தான் வருவான். ஒரு தெரு இருக்கு. அதுல ஒரு வீட்டை மட்டும் காட்டறேன். அங்கிருந்து நீங்களே நடந்து போயிக்குங்க.”

ஜூன் 12

தெரு என்பது இதுதான். இந்த வியாதி வந்த பையன்களின் அப்பா அம்மாக்கள் ஆளுக்கொரு இணையப் பக்கம் வைத்திருக்கிறார்கள். அதற்கு வீடு என்று பெயர். மேலே பையனின் பெயர், வயது. நடுவில் அவர்கள் எழுதுவது. அடியில் இரண்டே இணைப்புகள்: இடப்பக்கத்து வீடு, வலப்பக்கத்து வீடு. வலப்பக்கம் போகப் போகப் பையன்களின் வயது கூடும். இடப்பக்கம் போனால் குறையும். கடைசியில் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். பட்டியல் கிடையாது, தேடுகிற பெட்டி கிடையாது, தலைமைப் பக்கம் என்று ஒன்று கிடையாது. அவரவர் வீட்டை அவரவர்தான் திறந்து மாற்ற முடியும்.

இதைவிடக் கொடுமை, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘தேடுபொறிகள் உள்ளே வரக்கூடாது’ என்று கணினிக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். கடையைப் போட்டுவிட்டு ஷட்டரை இழுத்து மூடுகிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன். பச்சைப் பின்னணி, மஞ்சள் எழுத்து. ஒரு வீட்டில் மயில் ஒன்று நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் முதலாளி பார்த்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

ஜூன் 15

வாணி நேற்று மத்தியானம் முழுக்கத் தெருவில்தான் இருந்திருக்கிறாள். சோறு குழைந்துவிட்டது.

“வருண்னு பத்து வயசுப் பையன் வீட்ல போட்டிருக்காங்க. குளிச்ச உடனே கணுக்கால நீட்டி விட்டா அவ்வளவா வலிக்காதாமா. கிளாஸக் கீழ மாத்தித் தரச்சொல்லி இப்பவே எழுதிக் குடுத்துரோணுமாமா. நடுவுல போயிக் கேட்டா பள்ளிக்கூடத்துல தரமாட்டாங்களாமா.”

செழியன் வகுப்பு மாடியில் இருக்கிறது. அவன்தான் இன்னும் படியேறுகிறானே, இப்போதே எதற்கு என்றேன்.  இன்று வாணி தானே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 24

புதிதாக வருகிறவர்களை ஓர் அம்மா கூப்பிட்டுப் பேசுவார் என்று சொல்லியிருந்தார்கள். இன்று கூப்பிட்டார். கரூர் சௌந்தரம். தெருவில் முதன்முதலில் வந்த வீடு அவருடையது. இப்போதைக்குச் செழியன்தான் எல்லோரிலும் சின்னவன். சுற்று முடிகிற இடத்தில் சௌந்தரம் அம்மாவின் வீடு எங்களுக்கு இடப்பக்கம் வருகிறது.

“உங்க பையனுக்கு என்ன வயசுங்க?”

“இருபத்தொண்ணுங்க. ரகுநாத்.”

எனக்கு அப்படி ஒரு தெம்பு வந்தது. இருபத்தொன்று! என்ன படிக்கிறான் என்று கேட்டேன்.

“பி.காம். சேந்தானுங்க. கணக்குல புலி.”

நல்லவிதமாகப் பேசுகிறார் என்பதால் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். தேடுகிறவர்களுக்குக் கிடைக்காத மாதிரி எதற்காக ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

“ஆரம்பத்துல தொறந்துதானுங்க வெச்சிருந்தோம். அந்த ஊசிக்காரங்க தேடி வந்து எங்க நம்பரெல்லாம் எடுத்துட்டாங்க. பையன் பேரச் சொல்லியே கூப்புடுவாங்க. ஒரு வீட்ல இருந்த காடு தோட்டத்தையும் வித்து ஊசி போட்டாங்க, ஒரு பிரயோசனமும் இல்ல. அப்பறந்தான் சாத்துனோம். யாராச்சும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா, அவிங்க வந்தாப் போதுமுங்க.”

“கூட்டிட்டு வர ஆள் இல்லாதவங்க என்னங்க பண்ணுவாங்க?”

“அதுஞ் செரிதானுங்க” என்றார். இப்படி உடனே ஒத்துக்கொள்கிறவர்களிடம் சண்டை போட முடியவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டைக் கட்டி முடித்தேன். வெள்ளைப் பின்னணி, ஒழுங்கான எழுத்து. செழியன், வயது 8. அவன் சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கிற போட்டோ ஒன்று. மயில் கிடையாது.

ஜூலை 9

விழுந்தான். பிரேயருக்குப் போகும்போது பள்ளி வாசலில். உதட்டில் தையல். தையல் போடும்போது டாக்டரிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டானாம்.

ஜூலை 22

ஞாயிற்றுக்கிழமை. வாணியும் செழியனும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் தெருவில் வலப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுப் போய் வந்தேன். வாணி பன்னிரண்டு வயது வரைக்கும்தான் போவாள். அதற்கு மேல் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

வருண் நடக்கிறான். அவனுக்கு அடுத்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பன்னிரண்டு வயதுக்காரன் சக்கர நாற்காலியில். பதினாலு வயதில் ஒருத்தனுக்குச் சோறு ஊட்டிவிடுகிறார்கள், ஆனால் செஸ்ஸில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருக்கிறான். அப்புறம் நாமக்கல் நந்தகுமார், வயது பதினேழு. அவன் அப்பா குழந்தைவேலு முட்டை லாரி ஓட்டுகிறவர். லாரியை நிறுத்துகிற இடங்களிலிருந்து எழுதுகிறார், நாலு வரிக்கு மேல் போகாது. ‘தொப்பூர் தாண்டி டீ. நந்து போன் பண்ணினான். நாய்க்குட்டி வேணுமாம். யார் பார்த்துக்கிறது என்றேன். நாய் என்னைப் பார்த்துக்கும் என்கிறான்.’ இருக்கிற வீடுகளில் எனக்குப் பிடித்த வீடு அதுதான்.

அதற்கும் வலப்பக்கம் நாலு வீடுகள். எதிலும் பராமரிப்பு இல்லை. எழுதி வருடக்கணக்காகிறது. வயதைக்கூட மாற்றவில்லை. முதல் வீட்டில் பதினெட்டு என்று இருக்கிறது. கடைசியாக எழுதிய 2013இலும் பதினெட்டுதான். அந்தப் பையனின் அம்மா சில மாதங்கள் விடாமல் எழுதியிருக்கிறார். காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறான், மத்தியானத்துக்குள் சரியாகிவிடுகிறது, பகலில் தூங்கி வழிகிறான், கண்ணுக்குக் காட்டினோம், கண்ணாடி போட்டோம். இப்படியே போகிறது. கடைசியாக எழுதியது இது: ‘இதைப் படிக்கிறவங்க காலைத் தலைவலியைக் கண் டாக்டர்கிட்டக் கொண்டுபோகாதீங்க. நெஞ்சு டாக்டர்கிட்டக் கொண்டுபோங்க. ராத்திரியில மூச்சு பத்தாமத்தான் தலை வலிக்குது. அதுக்கு மிஷின் இருக்கு. எங்களுக்குத் தெரியல.’

அதோடு சரி. எழுத ஆரம்பித்தால் தொடர்ந்து எழுத வேண்டும், முடியாவிட்டால் பக்கத்தை மூட வேண்டும். நாலாவது வீடு சௌந்தரம் அம்மாவுடையது. அதிலும் 2012க்குப் பிறகு ஒரு வரி கிடையாது. வேலை அதிகம் போலிருக்கிறது.

அவர்கள் கோயிலிலிருந்து வந்துவிட்டார்கள். செழியன் நெற்றியில் விபூதி மூக்கு வரைக்கும் இருந்தது.

ஆகஸ்ட் 19

குழந்தைவேலு கூப்பிட்டார். நல்ல கனத்த குரல்.

“ஏனுங்க, நீங்க கம்ப்யூட்டர்காரராமா. என்ற ஊட்டுப் பக்கத்துல போட்டோ ஏத்தித் தருவீங்களா? எனக்கு எழுத்து மட்டுந்தான் போடத் தெரியும்.”

கேட்காமலே கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டார். இப்படி ஊருக்கெல்லாம் சொல்லக்கூடாது என்று திட்டினேன். “நீங்க ஊரா?” என்று சிரித்தார். லாரியையும் ஓட்டிக்கொண்டு பையனையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஊட்டுக்காரி பாத்துக்கறா. எனக்கு வலப்பக்கத்து ஊடுதானுங்க. நந்துக்குப் புதுசா ஏதாச்சும் வந்துச்சுன்னா வலப்பக்கம் போயி எட்டிப் பாப்பேன். அவிங்களுக்கும் வந்திருக்கும். அவிங்க என்ன செஞ்சாங்களோ அதையே செய்வேன். எதுல ஏமாந்தாங்களோ அதுல ஏமாற மாட்டேன்.”

“முன்னாடியே எல்லாத்தையும் படிச்சு வெச்சுக்கலாமே?”

“பயமுங்க” என்றார். “அன்னன்னிக்கு வர்றத அன்னன்னிக்குப் பாத்தாப் போதும். முன்னாடியே படிச்சா ஸ்டீரிங் புடிக்க முடியாது.”

நந்தகுமார் நாய்க்குட்டியோடு இருக்கிற போட்டோவை ஏற்றிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 30

செழியன் வாணியின் போனை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தான். கார்ட்டூன் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

“அப்பா, நாமக்கல் அண்ணனுக்கு அந்தப் பக்கம் இருக்கற அண்ணங்க ஏன் எழுதறதில்ல?”

“அப்பா அம்மாதான் எழுதறாங்க சாமி. வேலையா இருப்பாங்க.”

“நாலு வீட்லயுமா?”

“ம்.”

“அந்த முதல் அண்ணனுக்குப் பதினெட்டுன்னு போட்டிருக்கு. இப்ப இருபத்து மூணுன்னு இருக்கோணும்ப்பா. நான் கழிச்சுப் பாத்தேன்.”

கழித்தல் கணக்கு நான் சொல்லிக் கொடுத்ததுதான். போனைச் சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். சார்ஜ் நிறையவே இருந்தது.

அக்டோபர் 1

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் தெருவில் கொஞ்சம் பராமரிப்பு வேலை செய்தேன். இரண்டே இடத்தில் கை வைத்தால் போதும். நந்தகுமார் வீட்டின் வலப்பக்க இணைப்பு, எங்கள் வீட்டின் இடப்பக்க இணைப்பு. இனி நந்தகுமாருக்கு வலப்பக்கம் செழியன், செழியனுக்கு இடப்பக்கம் நந்தகுமார். நடுவில் இருந்த நாலு வீடுகளையும் நான் அழிக்கவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அங்கே போகிற வழி மட்டும் கிடையாது.

எழுதாமல் கிடக்கிற பக்கத்துக்கு ஆட்களை அனுப்பக்கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. சௌந்தரம் அம்மா தன் வீட்டிலிருந்து கிளம்பினால் அவருக்கு எல்லா வழியும் பழையபடியே வேலை செய்யும். அதனால் அவரிடம் சொல்லவில்லை. குழந்தைவேலு வண்டியில் இருப்பார். அவரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கடவுச்சொல்லை அவரே கொடுத்ததுதானே.

அக்டோபர் 3

செழியனிடம் போனைக் கொடுத்து நடந்து பார்க்கச் சொன்னேன்.

“நாமக்கல் அண்ணனுக்கு அப்புறம் யாரு?”

“நான்!” என்றான். பல் எல்லாம் தெரியச் சிரித்தான். “அந்த அண்ணங்க எங்க?”

“வீடு மாத்திட்டாங்க.”

சரி என்று விட்டுவிட்டான். எனக்கும் இன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

நவம்பர் 6

தீபாவளி. ஓட வேண்டியதில்லை என்பதால் சாட்டை மட்டும் கொளுத்தினான். புது ஜிப்பா. காலை நீட்டிவிடும்போது அழுதான்.

டிசம்பர் 15

குழந்தைவேலு ஒரு போட்டோ அனுப்பி ஏற்றித் தரச் சொன்னார். நந்தகுமார் மூக்குக்கண்ணாடியுடன். கொஞ்ச நாளாகவே காலையில் தலைவலி என்றானாம். இவர் இணையத்தில் தேடிப் பார்த்தாராம். பார்வைக் கோளாறாக இருக்கும், கம்ப்யூட்டரைக் குறையுங்கள் என்று வந்ததாம். கண் டாக்டரும் அதையே சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார். கறுப்புச் சட்டம், முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது. வெளிச்சம் குறைவான போட்டோ. நான் கொஞ்சம் கூட்டி ஏற்றினேன். கீழே ‘ஹீரோ மாதிரி இருக்கிறான்’ என்று எழுதினேன்.

கம்பெனியில் ஆடிட். வேறொன்றும் எழுத நேரமில்லை.

2019 ஜனவரி 8

நந்தகுமார் தவறிவிட்டான். தூக்கத்தில். குழந்தைவேலு ஓசூரில் லோடு இறக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஜனவரி 9

சௌந்தரம் அம்மா கூப்பிட்டார். அழுது முடித்த குரல்.

“தலவலி இருந்துச்சாமுங்க. ஒரு மாசத்துக்கு மேல.”

நான் ம் என்றேன்.

“பக்கத்து ஊட்ல அந்தம்மா அத்தன தெளிவா எழுதி வெச்சிருக்குதுங்களே. அதுக்குத்தான அந்த ஊட்ட அப்படியே வெச்சிருக்கறது. எது வந்தாலும் அங்க போயிப் பாக்கற மனுசன், இத எப்படிங்க பாக்காம உட்டாரு?”

தெரியவில்லை என்றேன்.

“நானும் மத்த ஊடுகளுக்குப் பசங்க போட்டோவப் பாக்கப் போறதில்லீங்க, மனசு தாங்கறதில்ல. யாராச்சும் கூப்பிட்டாப் பேசுவேன். என்னையவாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

பேச்சை மாற்ற வேண்டும் என்று, ரகுநாத் எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

“அவன் போயி ஆறு வருசம் ஆச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாதுங்க.”

பொய். ஜூலையில் அந்த நாலு வாசலிலும் நின்ற அன்றே எனக்குத் தெரியும். எட்டு வயதுப் பையன் கழித்துப் பார்த்துச் சொல்லுகிறான், எனக்குத் தெரியாதா? பராமரிப்பு, பராமரிப்பு என்று இந்த டைரியில் எனக்கு நானே கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். செழியன் அந்த வாசலுக்குப் போகக்கூடாது. நானும் இன்னொரு தரம் போகக்கூடாது. அதற்காக வழியை அடைத்தேன். தலைவலி வந்தபோது குழந்தைவேலு வழக்கம்போல வலப்பக்கம் போயிருப்பார். அங்கே என் மகன் சைக்கிளில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருப்பான். அதனால்தான் அவர் இணையத்தில் தேடப் போனார்.

பயத்தில் செய்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இப்போது வேறு பயம்.

ஜனவரி 10

இரண்டு இணைப்புகளையும் பழையபடி மாற்றினேன். ஒரு நிமிட வேலை. வாணி பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

“என்ன மாத்தறீங்க?”

சொன்னேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அவருகிட்டச் சொல்லீட்டீங்களா?”

“இல்ல. சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது வாணி?”

“நம்ம பாக்காம உட்டுட்டமேன்னு அந்த மனுசன் தன்னையே தின்னுட்டு இருப்பாருங்க. அதுக்காச்சும் சொல்லோணும்.”

ஜனவரி 11

துக்கத்துக்கு நான் நாமக்கல் போகவில்லை. கம்பெனியில் ஆடிட் என்று சொன்னேன். ஆடிட் போன மாதமே முடிந்துவிட்டது. வாணி மட்டும் பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு செழியன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஜனவரி 27

பாத்ரூமில் விழுந்தான். கால் எலும்பில் கீறல். மாவுக்கட்டு.

மார்ச் 4

கட்டுப் பிரித்தார்கள். நிற்க வைத்துப் பார்த்தோம். நிற்கவில்லை. ரெஜினா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் நிற்க வைத்துப் பார்க்க வேண்டாம், அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் செழியன் கேட்டான், “நாளைக்கு நிப்பனாப்பா?” நிற்பாய் என்று வாணி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 

மார்ச் 17

குழந்தைவேலு வந்தார்.

முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது என்று மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, மடக்கிய சக்கர நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். ஒல்லியான ஆள். அந்தக் குரலுக்கு நான் பெரிய உருவத்தை நினைத்து வைத்திருந்தேன். வாணி வாங்க அண்ணா என்றாள். 

“நந்து பத்து வயசுல ஓட்டுன வண்டிங்க. பெருசு வாங்குன பொறகு மேல அட்டாலில சும்மா கெடந்துச்சு. சக்கரம் புதுசு மாட்டியிருக்கறேன்” என்றார். நேராகச் செழியனிடம் போய் உட்கார்ந்தார். “கண்ணு, மொதல்ல பிரேக் போடோணும். போட்டயா? அப்பறந்தான் உக்காரோணும். எப்பவும் பிரேக்கு, அப்பறம் ஆளு. நீ எனக்குச் சொல்லு பாக்கலாம்.”

“பிரேக்கு, அப்புறம் ஆளு.”

“அவ்ளோதான். லைசென்ஸ் குடுத்தாச்சு.”

செழியன் சிரித்தான். மாதக்கணக்கில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பாதம் வைக்கிற பலகையை அவன் காலுக்குத் தகுந்த மாதிரி ஏற்றினார். சரியாக இல்லையென்று மறுபடி கழற்றினார். 

காபி குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், “நந்து ஊட்டுல கடைசியா கொஞ்சம் எழுதோணுமுங்க. எனக்குக் கை வரல. சொல்றேன், போடறீங்களா?”

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கண்ணாடி போட்ட அந்தப் போட்டோவுக்குக் கீழே, நான் ‘ஹீரோ மாதிரி இருக்கிறான்’ என்று எழுதியிருந்ததற்குக் கீழே. “காலையில் தலைவலி வந்தது. கண் டாக்டரிடம் போனோம். நெஞ்சு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நம் தெருவிலேயே எழுதியிருந்தது. நான் பார்க்கவில்லை.” அவ்வளவுதான் என்றார். வயதை எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பதினேழே இருக்கட்டும் என்றார்.

பிறகு தானே வலப்பக்க இணைப்பை அழுத்திப் பார்த்தார்.

“நந்துக்குத் தலவலி வந்தப்ப வலப்பக்கம் போனனுங்க. அந்தம்மா ஊடு அங்க இல்ல. உங்க ஊடுதான் இருந்துச்சு. இப்பப் பாத்தா மறுபடியும் இருக்குது. அது எங்கீங்க போச்சு?”

வாணி வாசல்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

“சர்வர் கோளாறுங்க” என்றேன். “சில சமயம் அப்படி ஆகும்.”

“அப்படீங்களா” என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். செழியன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வாணி மெயின் ரோடு வரைக்கும் கூடப் போய் அனுப்பிவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து என்னிடம் பேசவில்லை.

மார்ச் 18

செழியன் காலையில் கூடத்திலிருந்து சமையலறைக்கு நாற்காலியில் தானே தள்ளிக்கொண்டு போனான். அம்மாவிடம் தானே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். பிரேக் போட்டுவிட்டுத்தான் குடித்தான். அதைப் பார்த்த பிறகு என்னால் வேலைக்குக் கிளம்ப முடியவில்லை. சட்டையை மாட்டினவன் அப்படியே உட்கார்ந்து குழந்தைவேலுவுக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, நேத்து சர்வர்னு சொன்னது பொய்ங்க. வழிய மாத்துனது நான்தான். நீங்க குடுத்த கடவுச்சொல்ல வெச்சுத்தான் மாத்துனேன். செழியன் அந்த வீடுகளப் பாக்கறானேன்னு மாத்துனேன்.”

வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது.

“தெரியுமுங்க” என்றார். “துக்கத்துக்கு வந்தப்பவே உங்க ஊட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க.”

 “தெரிஞ்சுமா வண்டியத் தூக்கிட்டு வந்தீங்க?”

“வண்டி பையனுக்குங்க. உங்களப் பாக்கவா வந்தேன்?”

 அவரே பேசினார்.

“நேத்து வாயத் தொறந்து கேட்டேன். சொல்லீருவீங்கன்னு பாத்தேன். சொல்லல. இன்னிக்குச் சொல்றீங்க. செரி. நீங்க செஞ்சது எதுக்குன்னும் எனக்குப் புரியுது. நானும் படிக்கப் பயந்தவந்தான். ஆனா உங்க கொரலக் கேட்டா எனக்கு முடியலீங்க. இனிமே நீங்க கூப்பிட வேண்டாம்.”

“செரிங்க.”

“ஊட்டுக்காரம்மாகிட்டக் குடுங்க. அந்தப் பாதப் பலகை ஒசரம் செரியா இருக்குதான்னு கேக்கோணும்.”

போனை வாணியிடம் கொடுத்தேன்.